காஞ்சிபுரத்தில் ஒரு ஃபுல் பெஞ்ச்

காஞ்சிபுரத்துக்கு வெளியூர்க்காரன் போவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று சாமி, இன்னொன்று சேலை. நான் போனது சேலைக்கு. தை மாசம் மைத்துனிக்குக் கல்யாணம். "கடையில் வாங்காதீங்க. தறியிலேயே சொல்லி நெய்யச் சொல்லுங்க. கோர்வைச் சேலைதான் வேணும்" என்று வீட்டில் உத்தரவு.

ஆபீசில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்காரும் நண்பருக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அப்பா நெசவாளி. "வெள்ளிக்கிழமை சாயங்காலமே என்கூடக் கிளம்புங்க சார். ரெண்டு ராத்திரி தங்கி ஞாயித்துக்கிழமை திரும்பிடலாம்" என்றார். அது ஆடி மாசம் என்று அவரும் சொல்லவில்லை. நானும் காலண்டரைப் பார்க்கவில்லை.

பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று ஊர் ஊராகக் குசலம் விசாரித்துக்கொண்டே போன பஸ், ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டது. சாப்பிட்டேன். படுத்தேன். காலை ஐந்து மணிக்குப் பாயோடு ஒரு சாண் மேலே எழும்பினேன்.

ஜன்னலுக்கு நேர் எதிரே, விளக்குக் கம்பத்தில், ஒரு குழாய் ஸ்பீக்கர். அதிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரி. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். அந்தத் தெரு மைக் செட்காரரின் கைக்கடிகாரம் ஒரு மணி நேரம் ஃபாஸ்ட் போலிருக்கிறது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், நண்பரின் அப்பா அதற்குள் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயசு. கால் மிதிக்கிறது, கை நாடாவைத் தள்ளுகிறது, உதடு ஈஸ்வரியோடு முணுமுணுக்கிறது. மூன்றும் ஒரே தாளத்தில்.

"தூங்க முடியலையா தம்பி? அம்மன் பாட்டுதானே. பத்து நிமிஷத்துல பழகிடும்" என்றார். "ராத்திரி ஒண்ணு வரும் பாருங்க, அதுதான் சத்தம்."

காபியோடு வந்த அம்மா குறுக்கே புகுந்தார். "இவரு பேசறாரு! இந்தப் பாட்டு புதுசா வந்தப்ப இவங்கப்பா ரிக்கார்டு போடவே விடல. சினிமாவுல பாடற குரலைக் கொண்டாந்து சாமிக்குப் போடறீங்களாடான்னு தெருவுல நின்னு சண்டை."

அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 'பணமா பாசமா' (1968) படத்தில் இலந்தைப் பழம் விற்ற அதே குரல்தான். போதாக்குறைக்கு, பிறப்பால் கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் இன்றைக்கு ஈஸ்வரியின் பாட்டு இல்லாமல் தமிழ்நாட்டில் எந்த மாரியம்மனுக்கும் ஆடி பிறப்பதில்லை. அன்றைய சினிமாக் குரல், இன்றைய சுப்ரபாதம்.

பெரியவர் காது கேட்காத மாதிரி நாடாவைத் தள்ளினார்.

கோர்வைச் சேலை பற்றிக் கேட்டேன். நாடா நின்றது.

"கோர்வை நெய்யறதில்லீங்க தம்பி. ரெண்டு வருஷமாச்சு."

கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. பெரியவருக்கு வலது பக்கம் அந்த இடம் காலியாக இருந்தது. ஒரு பழைய தலையணை மட்டும் மடித்து வைத்திருந்தது.

அது இளைய மகனின் இடம். ஒருநாள் எழுந்து போனவன் திரும்ப உட்காரவில்லை. பகலில் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. சாயங்காலமும் லீவு நாளும் அம்மன் கோயில் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ். கூலி கட்டவில்லை என்று தறியை விட்ட பையன்கள் அந்தத் தெருவிலேயே நிறைய. அதைப் பெரியவர் மன்னித்துவிடுவாராம். டிரம்ஸைத்தான் முடியவில்லை. "சாமி பேரைச் சொல்லிக் கூத்தடிக்கிறான்" என்பது கட்சி. அப்பாவும் மகனும் நேராகப் பேசி இரண்டு வருஷம். எல்லாம் அம்மா வழியாக. "அவன் சாப்பிட்டானான்னு கேளு." "சாப்பிட்டேன்னு சொல்லும்மா." ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் டிரங்க் கால் பேசினார்கள்.

ஊர் சுற்றிக் காட்ட அந்தப் பையனைத்தான் என்னோடு அனுப்பினார் நண்பர். இருபத்துநாலு வயசு. பைக் ஓட்டும்போதும் விரல்கள் ஹாண்டில்பாரில் தாளம் போட்டன. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

முதலில் காமாட்சியம்மன். காஞ்சியில் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சன்னதி கிடையாது, எல்லாருக்கும் சேர்த்து இவள் ஒருத்திதான் என்பார்கள். ஆடிக் கூட்டம் அலைமோதியது. அப்புறம் ஏகாம்பரநாதர். பிராகாரத்துத் தூணடியில் உட்கார்ந்ததும் பையன் செல்போனை எடுத்தான். "சார், ஒரு பாட்டு கேக்கறீங்களா? பயப்படக்கூடாது" என்று காதில் ஒயரைச் செருகினான்.

லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து தகரக் கடை மேல் ஏறியது போல் இருந்தது. நடுவே ஒரு மனிதர் அடித்தொண்டையில் உறுமினார். சட்டென்று எல்லாம் ஓய்ந்து சமஸ்கிருத மந்திரம். பிறகு மறுபடியும் லாரி.

"'ருத்ரா' சார். சிங்கப்பூர் குரூப். பாடறவர் பேரு கதிர், நம்மாளு. 1992-லேர்ந்து இருக்காங்க. அவர் கத்தறது என்ன தெரியுமா? உபநிஷத்து, அத்வைதம்!"

பிற்பாடு விசாரித்ததில் பையன் சொன்னது நிஜம்தான். 'பிரம்மவித்யா' என்ற பேரில் 2005, 2009, 2011 என்று மூன்று ஆல்பங்கள். 'வேத மெட்டல்' என்றே அந்த வகைக்குப் பேர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இதே வேலையைக் கிறிஸ்தவப் பையன்கள் முன்பே செய்திருக்கிறார்கள். 1980-களில் 'ஸ்ட்ரைப்பர்' என்று ஒரு குழு. மஞ்சளும் கறுப்புமாகக் குளவி மாதிரி கோடு போட்ட சட்டை, தோள் வரை முடி, கையில் மின்சாரக் கிடார். மேடையிலிருந்து ரசிகர்களுக்குப் பைபிளைத் தூக்கிப் போடுவார்கள். சாத்தானைத் திட்டித்தான் பாட்டு. அப்படியும் சில பிரசங்கிகள் இவர்களைத்தான் சாத்தான் என்றார்கள்.

"எங்கப்பாகிட்ட இதைப் போட்டுக் காட்ட முடியுமா சார்?" என்றான் பையன்.

"வேண்டாம்" என்றேன் அவசரமாக. "ஆனா நீ உட்கார்ந்திருக்கிற இடத்துக் கதை ஒண்ணு சொல்றேன்."

முத்துசாமி தீட்சிதர் சின்ன வயசில், மணலி முதலியார்களின் ஆதரவில் சென்னைக்குப் பக்கத்தில் இருந்தார். அப்போது கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்து பாண்டு வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். காதைப் பொத்திக்கொண்டு ஓடவில்லை. அந்த இங்கிலீஷ் மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதிவிட்டார். நோட்டுஸ்வரம் என்று பேர். சுமார் நாற்பது இருக்கின்றன. இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டில் அம்பாள் மேல் ஒன்று. நம் குழந்தைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் இங்கிலீஷ் பாட்டு மெட்டில் மதுரை மீனாட்சி மேல் ஒன்று. இந்த ஏகாம்பரநாதர் மேலேயும் ஒன்று உண்டு. பிற்பாடு அவர் காஞ்சிபுரத்திலேயே சில வருஷம் தங்கிப் பெரிய பெரிய கிருதிகள் செய்தார். கொட்டடிக்கிறவன் பாட்டு என்று அன்றைக்கு யாராவது தீட்சிதரைத் திட்டாமலா இருந்திருப்பார்கள்? திட்டியவர் பேர் தெரியவில்லை. பாட்டு இருக்கிறது.

பையன் வாயைத் திறக்கவில்லை. விரல் மட்டும் நின்றிருந்தது.

அவனிடம் நான் சொல்லாத கதையும் ஒன்று உண்டு. காலேஜில் படிக்கும்போது சேர்த்து வைத்த காசில் ஒரு கிடார் வாங்கினேன். முதல் முதலில் வாசித்துப் பழகியது அப்பா தினம் பாடும் முருகன் பாட்டு. அவருக்கு வாசித்துக் காட்டத்தான் பழகினேன். "இதெல்லாம் இந்த வீட்டுல வேண்டாம்" என்றார், கேட்காமலேயே. கிடார் பரணுக்குப் போனது. அப்பாவும் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. கிடார் இன்னும் பரணில்தான்.

திரும்பும் வழியில் திருவெஃகா. சொன்ன வண்ணம் செய்த பெருமாள். பல்லவ ராஜா தன் மேல் பாடச் சொன்னான், கணிகண்ணன் மறுத்தான். ஊரை விட்டுப் போ என்றான் ராஜா. சீடன் போனான், பின்னாலேயே குரு திருமழிசையாழ்வார் போனார். ஆழ்வார் சொன்னதால் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று பேரும் ஒரு ராத்திரி தங்கிய இடம்தான் ஓரிக்கை என்கிறார்கள். ஊர் இருண்டுபோய், ராஜா காலில் விழுந்த பிறகுதான் திரும்பினார்களாம். பாட்டுக்காரனைத் துரத்தினால் சாமியும் கூடவே போய்விடும் என்பது இந்த ஊர் பழைய அனுபவம்.

மத்தியானம் சாப்பாட்டில் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நாயனாப் பிள்ளை ஊராச்சே இது!"

முகம் மலர்ந்துவிட்டது. "எங்க தாத்தா அவர் கச்சேரியெல்லாம் கேட்டவரு தம்பி! ஃபுல் பெஞ்ச்!"

ஆபீஸ்காரர்களுக்கு ஃபுல் பெஞ்ச் என்றால் ஹைகோர்ட்தான் ஞாபகம் வரும். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) கச்சேரிக்கும் அதே பேர்தான். மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று வரிசையாகத் தாளக்காரர்களை உட்கார வைத்து, நடுவில் சிங்கம் மாதிரி பாடுவார். கணக்கில் அவரை யாரும் அசைக்க முடியாது. இந்த ஊரில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சின்னப் பெண்ணாக அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்.

"அத்தனை பேர் சேர்ந்து அடிச்சா அது சத்தம் இல்லையாங்க ஐயா?" என்றேன்.

"அது எப்படி? அது கணக்கு!" என்றார். சொல்லிவிட்டு, ரசத்தைப் பிசைந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

ராத்திரி ஏழரைக்குக் கச்சேரி. தெரு முனையில் சின்ன அம்மன் கோயில், வேப்பிலைத் தோரணம், சீரியல் பல்பு. மேடையில் கீபோர்டு, கிடார், பம்பை, உடுக்கை, தபேலா. நடுவே கோட்டை கட்டினாற்போல் டிரம்ஸ், அதற்குள் நம்ம பையன். மெட்டெல்லாம் சினிமா, வார்த்தையெல்லாம் அம்மன். முதல் பாட்டில் என் பாக்கெட்டில் இருந்த பேனா அதிர்ந்தது. இரண்டாவது பாட்டில் வரிசையில் நின்ற ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. நாலு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பம்பை ஏற ஏற, டிரம்ஸும் கூடவே ஏறியது. பையன் சிரிக்கவில்லை, ஸ்டைல் பண்ணவில்லை. கண் மூடியிருந்தது. வலது கால் மட்டும் பெரிய டிரம்மின் பெடலை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது. அந்த மிதியை நான் காலையிலேயே தறிக்குழியில் பார்த்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால், மூடியிருந்த மளிகைக் கடைத் திண்ணையில், தோளில் துண்டோடு பெரியவர். வரமாட்டேன் என்று சொன்னவர்.

பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஃபுல் பெஞ்சுதான்."

பத்து மணிக்குப் போலீஸ்காரர் கையைத் தூக்க, கச்சேரி முடிந்தது. வீட்டுக்கு வந்தோம். பையன் வியர்வையோடு வாசலில் உட்கார்ந்தான். பெரியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாலாவது பாட்டுல ஓடிட்டான்னு சொல்லு அவன்கிட்ட."

அம்மா சொல்ல வாயெடுப்பதற்குள் பையன் நேராகவே சொல்லிவிட்டான். "கீபோர்டு ஓடிச்சுப்பா. நான்தான் பிடிச்சு நிறுத்தினேன்."

"நீ எங்க நிறுத்தினே? நீயும் சேர்ந்து ஓடினே. மிதி நிதானமா இருக்கணும். கை எப்படிப் பறந்தாலும் மிதி நகரக்கூடாது. சின்ன வயசுல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சரிப்பா."

அவ்வளவுதான். யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. அம்மா மட்டும் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வியர்வையோட உட்காராதே, போய்க் குளி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது பெரியவர் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, கல்யாணம் தை மாசம்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாங்க ஐயா."

அவர் உள்பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை அவனுக்குக் கம்பெனி லீவுதானான்னு கேளு."

பதில் வருவதற்குள் நண்பர் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஆனால் தெரு திரும்பும்போது, வலது பக்கத்துப் பழைய தலையணையைப் பையன் வெயிலில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். கிடாரில் ஆறு கம்பியில் நாலுதான் மிச்சம். தூசியை ஊதிவிட்டு, அப்பாவின் முருகன் பாட்டைத் தடவிப் பார்த்தேன். நாலு கம்பிக்கு முருகன் ஓரளவு வந்தார்.

கீழேயிருந்து மனைவியின் குரல்: "சேலை வாங்கப் போன மனுஷன் பரண்ல என்ன பண்றீங்க?"