வாய் பேசா நோயாளி

நோயுற்ற மனிதன் தன் துன்பத்தை வாய்விட்டுச் சொல்லுகின்றான். குழந்தை அழுது தெரிவிக்கின்றது, நாய் முனகுகின்றது, பசு கதறுகின்றது. முயலோ தன் நோவைப் பிறர் அறியாமல் மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் எளிய உயிர் அது. தளர்ச்சியைப் புலப்படுத்தும் முயலே முதலிற் பகைக்குப் பலியாகும். ஆதலின், எத்துணைத் துன்பம் நேரினும் அசையாமல் அமர்ந்திருப்பது அதன் பிறவிக் குணமாயிற்று. இத்தகைய உயிருக்குப் பணிவிடை செய்வோர், சொல்லைக் கேட்டு அன்று, குறிப்பை அறிந்தே உதவ வேண்டும். மதுரையில் ஒரு வீட்டுச் சிறுவன், மார்கழி மாதத்து விடுமுறை ஒன்றில், இக் குறிப்பறியும் கலையைக் கற்றுக்கொண்டான்.

அவனுக்கு வயது பன்னிரண்டு. பங்குனி மாதத்தில் அவன் தந்தையார் சந்தையிலிருந்து இரண்டு வெண்ணிற முயற்குட்டிகளை வாங்கி வந்தார். நம் காடுகளில் ஓடித் திரியும் முயல் வேறு. வீடுகளில் வளர்க்கப்பெறும் முயல் வேறு. காட்டு முயல் தரைமேல் வாழ்வது. அதன் குட்டி கண் திறந்தும் மயிர் மூடியும் பிறக்கும். அதனைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கின்றது. வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் வளை தோண்டி வாழ்ந்தவை; அவற்றின் குட்டிகள் கண் மூடியும் உடல் வெறுமையாகவும் பிறக்கும். சந்தையில் வாங்கிய குட்டிகள் இரண்டும் பெண் என்று விற்றவர் உறுதி கூறினார். சிறுவன் ஒன்றிற்கு முத்து என்றும், மற்றொன்றிற்குப் பவளம் என்றும் பெயரிட்டான்.

இளங்குட்டிகளில் ஆண் பெண் பிரித்தறிதல் எளிதன்று. ஆவணி மாதத்தில் ஒரு நாட் காலை, பவளம் தன் மார்பு மயிரைப் பறித்து அமைத்த மெத்தையில் ஐந்து குட்டிகள் நெளிந்துகொண்டிருந்தன. அப்போதுதான் முத்து ஆண் என்பது விளங்கிற்று. வீட்டார் மகிழ்ந்தனர். முயல் ஏறத்தாழ 31 நாட்களே கருவைச் சுமக்கின்றது. ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் கருவுறவும் வல்லது. இதனை அறியாமையால் அவர்கள் இரண்டையும் ஒன்றாகவே விட்டிருந்தனர். மறு மாதத்தில் இன்னும் ஆறு குட்டிகள் பிறந்தன. 1859ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் வேட்டைக்காக விடப்பட்ட சில முயல்கள் பெருகிக் கோடிக்கணக்காகி, அந்நாட்டுப் பயிர்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அழித்த வரலாற்றைச் சிறுவன் பின்னர்த் தன் ஆசிரியரிடம் கேட்டறிந்தான்.

முதல் ஐந்து குட்டிகளும் ஐந்து வீடுகளுக்கு அன்பளிப்பாகச் சென்றன. அவற்றுள் ஒன்றைத் தெருநாய் கவ்விச் சென்றது. இரண்டு, ஒவ்வாத உணவால் வயிற்றுப்போக்குற்று மாண்டன. மற்ற இரண்டும் கவனிப்பாரின்றிச் சிறு கூண்டில் அடைபட்டுக் கிடந்தன. இரண்டாம் முறை பிறந்த ஆறையும் பண்ணை வைத்திருந்த ஒருவர் பெற்றுச் சென்றார். அவர் எதன்பொருட்டு முயல் வளர்க்கிறார் என்பதைப் பின்னர் அறிந்த சிறுவன், அன்றிரவு உணவு கொள்ளவில்லை.

இதற்குள் தந்தையார் முத்துவையும் பவளத்தையும் வேறு வேறு கூண்டுகளில் அடைத்திருந்தார். கூடி வாழும் உயிர் தனித்து வாழ நேர்ந்தால் வாடும். முத்து கம்பியைக் கடித்தது. கண்ட இடமெல்லாம் சிறுநீரைப் பீச்சிற்று. பவளம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கால்நடை மருத்துவர் அம்மையார், "இரண்டும் மீண்டும் ஒன்றாக வாழ வேண்டுமாயின், ஆண் முயலுக்கு விரை நீக்க அறுவை செய்வதே தக்க வழி. பெண்ணுக்கும் அறுவை செய்யலாம்; நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களைக் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகப் பற்றுவதால் அதுவும் நன்மையே. ஆனால் அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்குச் செய்வது சிறிய அறுவை" என்றார்.

பாட்டியார் இதற்கு உடன்படவில்லை. சிற்றூரில் காளைகளைக் கட்டிப் போட்டுக் காயடித்ததையும், அவை அலறியதையும் இளமையிற் கண்டவர் அவர். "நோயில்லாத உயிரைக் கத்திக்கு உட்படுத்த நமக்கு என்ன உரிமை? அது நம்மைக் கேட்டதா?" என்று வினவினார்.

தந்தையார் சிறிது நேரம் வாய் திறவாதிருந்தார். பின்னர், "கேட்கவில்லை, அம்மா. அந்தப் பதினொரு குட்டிகளையும் நாம் கேட்டுப் பிறர் கையில் ஒப்படைக்கவில்லை. கூண்டில் அடைத்த அன்றே அதன் வாழ்வைப் பற்றிய முடிவெல்லாம் நம்முடையதாகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்தே அறுவை செய்வார்கள், காளை பட்ட பாடு இதற்கு இல்லை" என்றார். பாட்டியார் மறுமொழி கூறவில்லை. அவர் முகமும் தெளியவில்லை.

அறுவைக்கு முன்னாள், சிறுவன் முத்துவின் உணவுக் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்தான். மனிதருக்கு அறுவை செய்யுமுன் வயிறு வெறுமையாக இருத்தல் வேண்டும் என்று அவன் கேள்வியுற்றிருந்தான். மருத்துவர் அதனை அறிந்து சிரித்தார். "மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழல் அடைபடும் என்று அஞ்சியே மனிதரைப் பட்டினியாக இருக்கச் செய்கிறோம். முயலால் வாந்தி எடுக்கவே இயலாது. அதன் குடல் ஓயாது இயங்க வேண்டும். இயக்கம் நின்றால் உயிருக்கே ஊறு. நேரம் வரும்வரை புல் தின்னட்டும்" என்றார். சிறுவன் கிண்ணத்தைத் திரும்ப வைத்தான்.

அறுவை இடையூறின்றி முடிந்தது. பிற்பகலில் முத்து வீடு திரும்பிற்று. மயக்க மருந்து முயலின் உடற்சூட்டைத் தணித்துவிடும். மார்கழிக் குளிரோ தரையெல்லாம் பரவியிருந்தது. ஆகவே ஓசையற்ற அறையொன்றில், கூண்டின் அடியில் செய்தித்தாளும், அதன்மேல் தூய பருத்தித் துண்டும் விரித்தனர். மரத்தூள் புண்ணில் ஒட்டும் என்பதால் அதனை விலக்கினர். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியிற் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தனர். சூடு மிகுந்தால் முயல் மறுபக்கம் நகர்ந்துகொள்ள வேண்டுமன்றோ? தாவி ஏறுவதற்கு இடமளிக்கும் பலகைகளையும் அகற்றினர். அறுகம்புல்லும், உலர்ந்த புல்லும், நீரும் எட்டும் தொலைவில் இருந்தன.

மாலை ஆயிற்று, முத்து புல்லைத் தொடவில்லை. சிறுவனுக்கு நெஞ்சம் பதைத்தது. அவன் அதனை மடியில் எடுத்து வைத்துத் தடவினான், கொத்தமல்லித் தழையை வாயருகே நீட்டினான், கீழே விட்டான், மீண்டும் எடுத்தான். முயல் கண்களைப் பாதி மூடி, முதுகை வளைத்துக் கூனிக்கொண்டது. அதன் பற்கள் கறகறவென நெறுநெறுத்தன. மன நிறைவோடு இருக்கையில் முயல் பற்களை மென்மையாக உரசுவதுண்டு. சிறுவனும் அவ்வாறே எண்ணி, "பாட்டி, முத்து மகிழ்ச்சியாக இருக்கிறது" என்றான்.

பாட்டியார் அருகில் வந்து உற்றுப் பார்த்தார். "அந்த முதுகைப் பார், தம்பி. மகிழ்ச்சியுள்ள உடம்பு இப்படிச் சுருளாது. வலியால் பல்லைக் கடிக்கிறது. நீ எடுக்குந்தோறும் அதற்குப் புண் இழுக்கிறது. உன் அச்சம் தீர்வதற்கு அதனைத் தூக்காதே, அது தேறுவதற்கு விட்டு வை" என்றார். சிறுவன் முயலை மெல்லக் கூண்டில் விட்டான். அன்றிரவு அவன் கற்ற பாடங்களுள் கடினமானது, நீட்டிய கையை மடக்கிக்கொள்வதே.

அப்போது அடுத்த வீட்டார் ஒருவர், வலி நீங்கத் தம்மிடமிருந்த மாத்திரையிற் பாதியும், புண் ஆற வேறொரு மாத்திரையும் கொடுக்குமாறு நல்லெண்ணத்தோடு கூறினார். தந்தையார் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். மனிதருக்கு நலம் செய்யும் மருந்துகளுட் சில முயலுக்கு நஞ்சாகும். பெனிசிலின், அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால், முயலின் குடலில் வாழ்ந்து செரிமானத்திற்கு உதவும் நுண்ணுயிர்கள் அழியும், தீங்கு செய்வன பெருகும், முயல் மாளும்.

இரவு முழுவதும் தந்தையும் மகனும் மாறி மாறி விழித்திருந்தனர். விடியற்காலையில் கூண்டினுள் ஒரு புழுக்கையும் இல்லை; புல்லும் வைத்தபடியே இருந்தது. முயல் அரைநாள் உண்ணாதிருப்பினும் அஞ்சத்தக்கதே என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். பொழுது புலர்ந்ததும் இருவரும் அவரிடம் விரைந்தனர்.

அவர் புண்ணைச் சோதித்தார், அதிற் குறையில்லை. வயிற்றில் செவி வைக்கும் கருவியை வைத்துக் கேட்டார். குடலோசை மிகக் குறைந்திருந்தது. "வலி உணவைத் தடுக்கிறது, உணவின்மை குடலை நிறுத்துகிறது, குடல் நின்றால் வலி இன்னும் மிகும். இச் சுழலை இன்றே அறுக்க வேண்டும்" என்று கூறி, வலி தணிக்கும் மருந்தை எடைக்கேற்ப அளந்து செலுத்தினார். பிறகு, ஊறவைத்துக் குழைத்த முயல் தீவனத்தை ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து ஊட்டும் முறையைக் காட்டினார். உடலைத் துணியிற் சுற்றி, பின்கால்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்து முயல் உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். காதைப் பற்றித் தூக்குதல் கொடுமை. முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில், வாயின் பக்கமாகச் சிறிது சிறிதாக ஊட்டி, ஒவ்வொரு முறையும் அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டில் சிறுவன் துணியைப் பிடிக்க, தந்தையார் ஊட்டினார். முதல் முறை பாதி உணவு துண்டில் வழிந்தது. இரண்டாம் முறை முத்து மெல்லத் தொடங்கிற்று. சிறுவன் ஒரு தாளில் நேரத்தையும் அளவையும் குறித்தான். புழுக்கை என்ற தலைப்பின்கீழ் மாத்திரம் வெற்றிடமே இருந்தது.

மாலை விளக்கேற்றும் வேளையில் கூண்டிலிருந்து ஒரு மெல்லிய ஓசை கேட்டது. சிறுவன் அசையாமல் நின்று நோக்கினான். முத்து ஓர் அறுகம்புல்லை நுனியிலிருந்து இழுத்து மென்றுகொண்டிருந்தது. துண்டின்மேல், வழக்கத்தினுஞ் சிறியனவாய், நான்கு கரிய புழுக்கைகள் கிடந்தன. "பாட்டி! நான்கு!" என்று அவன் கூவினான். செல்வம் கண்டாற்போன்ற அக் கூச்சலைக் கேட்டுப் பாட்டியார் பூசையறையிலிருந்து ஓடிவந்தார். கண்டவுடன் கண் கலங்கினார்.

அதன்பின் நாள்தோறும் இருமுறை புண்ணைப் பார்த்தனர். வீக்கம், சிவப்பு, குருதி, சீழ் எதுவும் இல்லை. நீராட்டவில்லை, துண்டை நாள்தோறும் மாற்றினர். பத்து நாட்களில் புண் ஆறிற்று. ஆயினும் அறுவைக்குப் பின் நான்கு வாரம்வரை ஆண் முயலால் கருவுறச் செய்ய இயலும் என்பதால், இரண்டையும் உடனே சேர்க்கவில்லை. கூண்டுகளைப் பக்கத்திற் பக்கத்தில் வைத்து, இடையே கம்பிவலை மட்டும் இருக்கச் செய்தனர். முத்து வலையின் இப்பால் படுத்தால், பவளம் அப்பால் வந்து படுக்கும்.

விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்தலாகாது என்பது 1960ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுச் சட்டமாக இருந்து வருகின்றது. அச் சட்டம் பிறப்பதற்கு மாநிலங்களவையில் வாதாடியவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. துன்புறுத்தாமை சட்டத்தால் நிறைவேறக் கூடும். துன்பத்தைக் குறிப்பால் அறிந்து துணை நிற்றலோ, விழித்திருந்து பயில வேண்டிய பண்பாகும்.

தை மாத இறுதியில் கம்பிவலை எடுக்கப்பட்டது. பவளம் முத்துவின் நெற்றியை நக்கிற்று. "அன்று நான் கேட்டது பிழையா, தம்பி?" என்று பாட்டியார் வினவினார். சிறுவன் எண்ணிப் பார்த்து, "பிழையில்லை, பாட்டி. நீங்கள் கேட்டதனால்தான் இரவெல்லாம் நாங்கள் உறங்கவில்லை" என்றான்.