ஆசிட்டும் அடியேனும்

எங்கள் அடுக்குமாடி சங்கக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான். வராதவன் தலையில் பொறுப்பைக் கட்டுவதுதானே சங்க தர்மம்! மறுநாள் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், "இனிமே நீச்சல் குளத்துக்கு நீங்கதான் இன்சார்ஜ்!" என்று செகரட்டரி சிரிக்கிறார். எனக்கு நீச்சலே தெரியாது சார்!

குளத்தின் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வெள்ளை சிமெண்ட்டும் மார்பிள் பவுடரும் கலந்து புதுசாகப் பூசியிருந்த நேரம். தண்ணீர் நிரப்பினோம். மூன்றாம் நாள் பார்த்தால், குளமா நீர்மோரா என்று சந்தேகம். மேஸ்திரி பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயாச்சு. "லீவு விட்டாச்சு அங்கிள், எப்ப இறங்கலாம்?" என்று வாண்டுகள் தினமும் என் வாசலில்.

"குளோரினைக் கொட்டுங்க" என்றது 'பி' பிளாக். "ஆசிட்டை ஊத்துங்க" என்றது 'சி' பிளாக். எதற்கு வம்பு, இரண்டு பேரையும் திருப்திப்படுத்திவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைப் போட்டு, ஆசிட் கேனைத் திறந்தேன்.

"சார்...!"

வாட்ச்மேன் தாத்தா ஓடிவந்து கேனைப் பிடுங்கினார். திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தவராம். "ரெண்டும் சேர்ந்தா விஷப் புகை சார். எங்க பட்டறையில ஒரு பையன் இப்படித்தான் கலந்தான். அப்புறம் அவன் ஒழுங்கா மூச்சு விட்டதே இல்ல." கை நடுங்கியது. என் கை இல்லை, அவர் கை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். (பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் என் மார்க்கைக் கேட்காதீர்கள்!) விஷயம் இவ்வளவுதான். புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரில் இறங்கும். பி.எச். 8ஐத் தாண்டும். அப்போது குளோரினுக்குக் கால்வாசி வீரியம்கூடத் தேறாது. சுண்ணாம்புத் தூளைத் தேய்த்து எடுக்காவிட்டால் சொரசொரவென்று சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பூச்சு நன்றாக இறுக ஏறக்குறைய 28 நாள்.

ஆபீஸ் போகுமுன் ஒரு தடவை, வந்தபின் ஒரு தடவை, தாத்தாவும் நானும் நீளப் பிரஷ்ஷால் தேய்த்தோம். தினமும் டெஸ்ட். பி.எச். 7.2க்கும் 7.6க்கும் நடுவில் நிற்கவேண்டும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்றவேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் புதுப் பூச்சையே அரித்துவிடும். குளோரினுக்குத் தனி வாளி, தனி நேரம். தாத்தாவே அந்த வாளிக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துவைத்தார்.

ஒரு மாதத்தில் அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. வாண்டுகள் தொபுக்கென்று குதித்தார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போனேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "தாத்தாவுக்குச் சம்பளம் கூட்டணும்" என்றேன். "அதை அடுத்த மீட்டிங்ல பார்க்கலாம்" என்றார் செகரட்டரி.

நல்லது. இனி எந்த மீட்டிங்குக்கும் நான் லீவு போடுவதாக இல்லை!