சருகின் கணக்கு

ஓர் ஓடையில் ஒரு சருகுகூட விழாமல் தடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் வட கரோலினா மலைக்காட்டில், கொவீட்டா ஆய்வுக்களத்தில், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் வாலஸும் அவரது குழுவினரும் அதைச் செய்தே பார்த்தார்கள். 1993-ல் ஒரு சிற்றோடைக்கு மேல் வலை கட்டினார்கள். இலையுதிர்காலம் வந்தது. சருகுகள் வலையோடு நின்றன. ஓடை இளைத்தது. சருகு தின்னும் பூச்சிகள் குறைந்தன. அந்தப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பவையும் குறைந்தன. 1997-ல் வெளியான முடிவுகள் சொன்னது இதுதான்: மரநிழலில் ஓடும் அந்த நீருக்கு, கரையிலிருந்து விழுவதுதான் சோறு.

அந்தச் சோறு எத்தனை நாள் வரும்? கணக்கு எளிது. எடைபோட்ட இலைகளை வலைப் பைகளில் கட்டி ஓடையில் போடுவார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை சில பைகளை எடுத்து, வண்டலைக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை பார்ப்பார்கள். மிச்சமிருப்பதில் தினமும் ஒரே விகிதம் கரைகிறது என்பது அனுமானம். கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. விகிதம் 0.01 என்றால் 69 நாளில் இலை பாதியாகும், 0.005 என்றால் 139 நாள். பீட்டர்சனும் கம்மின்சும் 1974-ல் இந்த இரண்டு எண்களையே எல்லையாக வைத்து, இலைகளை வேகம், நடுத்தரம், மந்தம் என்று பிரித்தார்கள்.

ஆனால் தின்றது யார் என்பதை எடை சொல்லாது. அதற்காகவே இரண்டு வகைப் பைகள். பெரிய கண்ணுள்ள வலையில் பூச்சிகள் நுழையும். சின்னக் கண்ணில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மட்டுமே விருந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பூச்சிகளின் பங்கு.

உலகின் 22 ஓடைகளில் ஒரே ஆல்டர் மர இலையை இப்படிப் போட்டுப் பார்த்த ஆய்வு 2011-ல் வெளியானது. வெப்ப ஓடையோ குளிர் ஓடையோ, மொத்த வேகத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் வெப்பம் ஏற ஏற நுண்ணுயிர்களின் பங்கு ஏறியது, பூச்சிகளின் பங்கு இறங்கியது. விடை ஒன்று, வழி வேறு. பூச்சி தின்றால் மிச்சம் துகள்களாகக் கீழே போய் வேறு உயிர்களுக்கு இரையாகும். நுண்ணுயிர் தின்றால் அதிகக் கரியமில வாயு காற்றில் கலக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பூமி சூடேறும்போது பைகளின் எடை வழக்கம்போலவே குறையலாம். தாளில் உள்ள எண்ணும் அப்படியே இருக்கலாம். மேலே வலை எதுவும் இல்லாமலே ஓடை பட்டினி கிடக்கும்.