அந்தக் குழந்தை எங்கே?

‘ஒப்பிடுக’ என்ற சொல்லைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை, ஸ்கேலை வைத்துத் தாளின் நடுவே கோடு கிழிப்பதுதான். பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளும் அதைத்தான் செய்தாள். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தையும், அதைத் தழுவி விஷால் பரத்வாஜ் 2003இல் எடுத்த ‘மக்பூல்’ இந்திப் படத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்காட்லாந்து, அந்தப் பக்கம் மும்பை. இங்கே அரசன் டங்கன், அங்கே அப்பாஜி என்னும் நிழலுலக தாதா. இங்கே மூன்று சூனியக்காரிகள், அங்கே இரண்டு போலீஸ்காரர்கள். இங்கே காடு நகர்ந்து வந்தால் அழிவு, அங்கே கடல் வீடு தேடி வந்தால் அழிவு. பத்தே நிமிடம்.

“அவ்வளவுதாம்ப்பா, முடிஞ்சுது.”

“ஏன் மாத்தினாங்கன்னு எழுதலையேம்மா?”

“அதை மிஸ் கேக்கலையே!”

கேட்காவிட்டால் என்ன? ஒப்பீடு தொடங்குவதே அந்த ‘ஏன்’ என்பதில்தான்.

மூலம் என்று நாம் கையெடுத்துக் கும்பிடும் நாடகமே ஒரு தழுவல்தான். ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் இருந்த கதையை எடுத்து, 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டார். மேக்பெத் வெறும் கற்பனையும் அல்ல; நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை, 17 ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டவன். ஹோலின்ஷெட்டின் நூலில் மேக்பெத்தின் நண்பன் பாங்கோவும் டங்கனின் கொலைக்கு உடந்தை. நாடகத்திலோ அவன் கறைபடாதவன். காரணம் எளிது. 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் மன்னர், பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்குப் புரவலரும் அவரே. படியளக்கிறவரின் மூதாதையைக் கொலைகாரனாக மேடையேற்ற முடியுமா? இதைச் சொன்னதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஷேக்ஸ்பியரும் கதையை மாற்றியவர்தான் என்று தெரிந்தபின், படம் மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்ற கேள்வியின் மிடுக்கு குறைந்துவிடுகிறது.

சூனியக்காரிகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் மன்னர் சூனியத்தைப் பற்றி 1597இல் ஒரு நூலே எழுதியவர். அன்றைய பார்வையாளர்களுக்குச் சூனியக்காரி நிஜமான அச்சம். இன்றைய மும்பைக் கதையில் அவள் வந்தால் சிரிப்புத்தான் வரும். அந்த இடத்துக்கு ஓம் புரியும் நசீருதீன் ஷாவும் வருகிறார்கள். தாதாவிடம் பணம் வாங்கிக்கொண்டே, ஜாதகக் கட்டம் போட்டு ஆரூடம் சொல்லும் இன்ஸ்பெக்டர்கள். நாடகத்தின் சூனியக்காரிகள் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவர்கள் நடப்பதிலும் கைவைக்கிறார்கள். மேக்பெத்தை வீழ்த்தியது விதியா, அவன் ஆசையா என்று நாடகம் கேட்டால், அந்த விதியை நடத்துகிறவர்கள் யார் என்று படம் கேட்கிறது.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்ட மாற்றம் நிம்மிதான். லேடி மேக்பெத், மேக்பெத்தின் மனைவி. தபு நடித்த நிம்மியோ கொல்லப்பட வேண்டிய அப்பாஜியின் ஆசைநாயகி. இந்த ஒன்றை மாற்றியதும் கதையின் அடித்தளமே இடம் மாறுகிறது. மேக்பெத்தின் இடத்தில் வரும் மக்பூலைத் தூண்டுவது பதவி ஆசை மட்டுமல்ல, காதலும்தான். நாடகத்தில் கொலை திரைமறைவில் நடக்கிறது. படத்தில் அப்பாஜியின் அருகிலேயே நிம்மி படுத்திருக்கிறாள். ரத்தம் அவள்மேல் தெறிக்கிறது. பிறகு அவள் கர்ப்பமாகிறாள். குழந்தை யாருடையது என்ற சந்தேகம் மக்பூலை அரிக்கிறது.

நாடகத்தில் மேக்பெத் தம்பதிக்குக் குழந்தையே இல்லை. ஆனால் முதல் அங்கம் ஏழாம் காட்சியில், தான் பாலூட்டிய குழந்தை ஒன்றைப் பற்றி லேடி மேக்பெத் பேசுகிறாள். அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? எங்கும் பதில் கிடையாது. பாத்திரங்களை உயிருள்ள மனிதர்களாக நினைத்து இப்படித் துருவுவதைக் கேலி செய்து, லேடி மேக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்ற தலைப்பிலேயே எல். சி. நைட்ஸ் என்ற விமர்சகர் 1933இல் எழுதினார். வரலாற்றிலோ மேக்பெத்தின் மனைவி குரோக்குக்கு முதல் கணவன் வழியில் லூலாக் என்ற மகன் உண்டு. மேக்பெத்துக்குப் பின் சில மாதங்கள் அவன் அரசாண்டான். அகிரா குரோசவாவின் 1957ஆம் ஆண்டு ஜப்பானியத் தழுவலிலும் அந்த மனைவி கருவுறுகிறாள், குழந்தை இறந்தே பிறக்கிறது. விமர்சகர் கேலி செய்த கேள்வியை இரண்டு பெரிய இயக்குநர்கள் விடவில்லை.

படத்தின் முடிவும் அந்தக் குழந்தையால்தான் மாறுகிறது. நாடகத்தில் மேக்பெத் கடைசிவரை வாளோடு போரிட்டு மாய்கிறான். அவனைக் கொன்ற மாக்டஃப் அவன் தலையோடு மேடைக்கு வருகிறான். மக்பூலோ மருத்துவமனையில், எதிரிகள் என்று தான் நினைத்தவர்களின் கையில் தன் குழந்தை பத்திரமாக இருப்பதைப் பார்க்கிறான். துப்பாக்கியைக் கைவிட்டு வெளியே வரும்போது சுடப்படுகிறான். நாடகம் ஒரு கொடுங்கோலனின் ஆட்சியை முடித்துவைக்கிறது. படம் பழிவாங்கும் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துப் பார்க்கிறது.

இழப்பும் இல்லாமல் இல்லை. மேக்பெத் தனியே நின்று தன் மனத்தோடு பேசும் பேச்சுகள்தான் நாடகத்தின் உயிர். மக்பூலாக நடித்த இர்ஃபான் கானின் கண்கள் எவ்வளவோ பேசினாலும், கொலைக்கு முன்பே கொலையின் பலனை எண்ணிப் பார்க்கும் அந்த அறிவின் வேதனையைக் கண்களால் முழுதாகச் சொல்லிவிட முடியவில்லை. “படத்துல அவன் மேல பரிதாபம் வருது. நாடகத்துல அவனே நான்தானோன்னு பயம் வருது” என்றாள் மகள். பட்டியலில் இல்லாத வரி அது. அதைத்தான் முதலில் எழுதச் சொன்னேன்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இருபது வேறுபாடுகளைக் கேட்காதீர்கள். ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அது ஏன் வந்தது, அதனால் எது கிடைத்தது, எது போயிற்று என்று கேளுங்கள். படத்தைப் போடுவதற்கு முன் அந்த ஏழாம் காட்சியையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கோடு கிழித்த தாளுக்கு மதிப்பெண் கிடைக்கலாம், நாடகம் கிடைக்காது.