படகோட்டியின் அழைப்பு

அழைத்தவுடன் சென்று அமர்ந்துவிடுவது பண்பா, இரு முறை மறுத்து மூன்றாம் முறை இசைவது பண்பா? யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்த எமக்கு இக்கேள்விக்கு விடை தெரியும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே பெற்றுக்கொண்ட இனமல்லவா! விருந்தைப் பற்றி வேற்று நாட்டார் எமக்குக் கற்பிக்க என்ன இருக்கிறது என்ற இறுமாப்போடுதான் கெய்ரோ மாநகரிற் சென்று இறங்கினோம்.

அது 1974ஆம் ஆண்டு. முந்திய ஆண்டு ஒக்டோபரில் மூண்ட போரின் சுவடுகள் அந்நகரை விட்டு இன்னும் அகலவில்லை. குண்டுச் சிதறல்களுக்குத் தடையாகக் கட்டட வாயில்களின் முன் எழுப்பிய செங்கற் சுவர்கள் அப்படியே நின்றன. யன்னற் கண்ணாடிகளிற் பூசிய நீலவர்ணத்தைச் சிலர் சுரண்டியிருந்தனர்; பலர் சுரண்டவில்லை. கெய்ரோப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்தில் உயர்கல்வி பயிலும் பொருட்டு எமக்கு ஒரு புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. பீடம் நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள கீஸாவில் இருக்கிறது. அதற்கு அண்மையில் மாடிக் கட்டடமொன்றில் ஓர் அறையை வாடகைக்குப் பெற்றோம்.

சென்று சேர்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நண்பகலில் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கட்டடத்தின் வாயிற்காவலர், அந்நாட்டில் ‘பவ்வாப்’ என்பர், செங்கற் சுவரின் நிழலிலே பழைய செய்தித்தாளொன்றை விரித்து உணவருந்த அமர்ந்திருந்தார். ஒரு ரொட்டி, ஒரு துண்டு வெண்பாற்கட்டி, ஒரு வெங்காயம். எம்மைக் கண்டதும் வலக்கையை அவ்வுணவின் மேல் நீட்டி, “இத்ஃபத்தல்” என்றார். வருக, அமர்க, எடுத்துக்கொள்க, முன்னே செல்க என எத்தனையோ பொருளுக்கு எகிப்தியர் இவ்வொரு சொல்லையே ஆள்வர். எமக்கு அப்போது தெரிந்த அரபுச் சொற்கள் இருபதுக்கு மேல் இரா. அவற்றுள் இதுவும் ஒன்று. பொருள் விளங்கிவிட்ட மகிழ்ச்சியில் அவர் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தோம்.

அம்மனிதர் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்த திகைப்பைப் பின்னரே நினைத்துக்கொண்டோம். அவர் ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை எம் பக்கம் வைத்தார். வெங்காயத்தைக் கைமுட்டியாற் குத்தி உடைத்து, உள்ளிருந்த இளங்குருத்தை எமக்குத் தந்தார். பாற்கட்டியையும் எம் பக்கமே தள்ளினார். உண்டோம், நன்றாகவே உண்டோம்.

மறுநாள் வகுப்புத் தோழர் ஒருவரிடம் இதனைப் பெருமையோடு கூறினோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்கினார். எகிப்தியரிடையே ‘படகோட்டியின் அழைப்பு’ என்றொரு வழக்கு உண்டு. நட்டாற்றிலே பாய்விரித்துச் செல்லும் படகோட்டி, கரையில் நிற்பவனைப் பார்த்துச் சாப்பிட வா என்று கூவுவானாம். இவனாற் படகை நிறுத்த முடியாது; அவனால் நீர்மேல் நடந்து வர முடியாது. இருந்தும் உணவை முன்னே வைத்துக்கொண்டு ஒருவனை அழையாது விடுதல் பழி. அத்தகைய அழைப்புக்கு, “பில்ஹனா வஷ்ஷிஃபா”, அஃதாவது இன்பமும் நலமும் பொருந்துக என்று வாழ்த்திவிட்டு நடந்துவிட வேண்டும்.

“அவருக்கு அன்று வேறு உணவு இருந்திராது” என்றார் நண்பர்.

எமக்கு உடம்பெல்லாம் கூசியது. அதன் பின் பல வாரங்கள், பவ்வாப் உணவருந்தும் வேளையாகப் பார்த்து வாயிலைத் தவிர்த்தோம். தவிர்க்க இயலாத நாட்களில் தலையைக் குனிந்துகொண்டு படியேறினோம். ஒருமுறை கையிற் கொஞ்சம் பணம் கொடுத்துப் பார்த்தோம். நெற்றியிற் கைவைத்து வாங்கிக்கொண்டார். மறுநாளும் எம்மைக் கண்டு அதே கையை நீட்டி, “இத்ஃபத்தல்” என்றார். வாழ்த்திவிட்டு நடந்தோம்.

எம்மைப் பார்த்துச் சிரித்த அத்தோழரே பின்னர் எமது உற்ற நண்பரானார். அவர் வீடு நகரின் வடபாலுள்ள ஷுப்ராவில் இருந்தது. முஸ்லிம்களும் கொப்திக் கிறித்தவர்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி வாழும் பகுதி அது. நண்பரின் தந்தையார் பள்ளி ஆசிரியர். எமது நாட்டின் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று எம் கையைப் பற்றிக்கொண்டார். “ஒராபி பாஷாவைப் பதினெட்டு ஆண்டுகள் வைத்துச் சோறிட்டவர்கள் அல்லவா நீங்கள்!” என்றார். 1883ஆம் ஆண்டு முதல் 1901 வரை பாஷாவை இலங்கையில் இருத்தியது பிரித்தானிய அரசு என்பதையும், அதில் எம்மவர்க்கு யாதொரு பங்கும் இல்லை என்பதையும் எடுத்துரைக்க முயன்றோம். அவர் செவிகொடுத்தாரல்லர். அக்கடனைத் தீர்ப்பதற்கு எம்மையே தேர்ந்துகொண்டார் போலும்!

ஆனால் கடன் தீர்க்கும் பாரம் வீட்டு அன்னையார் தலையில் விழுந்தது. அக்காலத்தில் அங்கே சீனி, எண்ணெய், தேயிலை முதலியன பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தன. கூட்டுறவுக் கடை முன்னே பெண்கள் நெடுநேரம் வரிசையில் நிற்பர். எமது ஊர்ச் சங்கக்கடையையும் கூப்பன் புத்தகத்தையும் அறிந்த எமக்கு அவ்வரிசையின் அருமை தெரியாததன்று. இருந்தும் எமது தேநீரில் சீனி குறைந்ததே இல்லை. ஊரிலிருந்து வந்த தேயிலைப் பொதியொன்றை ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்னையார் அதனைக் கருங்குழம்பாகும்வரை கொதிக்க வைத்து, நான்கு கரண்டி சீனியிட்டுத் தந்து, “உங்கள் நாட்டுத் தேயிலைக்கு ஈடே இல்லை” என்றார். நாமும் ஆமென்றோம்.

வெள்ளிக்கிழமைதான் பெரும் சிக்கலாயிற்று. எமது குடும்பத்தில் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடுவதில்லை. கடல் கடந்து போனாலும் அதனைக் கைவிடேன் என்று தந்தையாருக்கு வாக்களித்து வந்திருந்தோம். அவர்களுக்கோ ஜும்ஆத் தொழுகை முடிந்து குடும்பம் முழுவதும் கூடியுண்ணும் நாளே வெள்ளி. முதல் வெள்ளியன்று முயலிறைச்சிச் சாற்றில் வெந்த மொலோகியாவை எம் முன்னே வைத்தார்கள். வெண்டைக்காய்போல வழுவழுக்கும் ஒருவகைச் சணற்கீரை அது. நாம் விழித்தோம், நண்பர் விளக்கினார். அன்னையார் சிறிது நேரம் எம்மைப் பார்த்திருந்தார். பிறகு, “அப்படியானால் பிள்ளை நோன்பு” என்று சொல்லிவிட்டு எழுந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே வாழ்ந்தது ஒரு கொப்திக் குடும்பம். கொப்தியர் ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் நோன்பு காப்போர். ஊன், பால், முட்டை எதுவும் அந்நாட்களிற் கொள்ளார். அவ்வுணவுக்கு ‘ஸியாமி’ என்று பெயர். அன்று முதல் வெள்ளிதோறும் எமக்கென்று ஒரு ஸியாமித் தட்டு ஆயத்தமாக இருந்தது. அவித்த அவரை, கத்தரிக்காய், அரிசியும் பருப்பும் கலந்த குஷரி, எமது பருப்பு வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லத்தக்க தஅமியா என இரு அடுப்புகளிலும் வெந்து வரும். சைவனுக்காகக் கிறித்தவர் பாகத்தில் முஸ்லிம் அன்னையார் சமைத்ததை யாரும் அங்கே ஒரு புதுமையாகப் பேசவில்லை.

ஒரு வெள்ளியன்று நண்பரின் தாய்மாமன் கிராமத்திலிருந்து இரண்டு தாராக்களோடு வந்து சேர்ந்தார். மீசையும் நீளங்கியும் இடிபோன்ற குரலும் உடையவர். விருந்தாளி தட்டிலே ஊன் இல்லாததைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. தாராவின் தொடையொன்றைப் பிய்த்தெடுத்து, “என் கையால் நீ உண்ணாவிட்டால் என் மனைவியை விவாகரத்துச் செய்தவனாவேன்!” என்று ஆணையிட்டுவிட்டார். எகிப்தின் நாட்டுப்புறத்தில் ஆடவர் உபசாரத்தின் உச்சியில் இவ்வாறு சூளுரைப்பதுண்டு. கேட்போர் சிரிப்பர், ஆயினும் ஆணை ஆணைதான். எமக்கு வியர்த்துவிட்டது. ஒரு புறம் தந்தையாருக்குக் கொடுத்த வாக்கு. மறுபுறம் நாம் கண்டும் இராத ஓர் அம்மையாரின் இல்வாழ்வு! அன்னையார் அமைதியாகத் தமையனாரிடம் கேட்டார்: “உன் கையால் என்றுதானே சொன்னாய்? இறைச்சி என்று சொன்னாயா?” மாமன் சற்று யோசித்தார். தொடையை வைத்துவிட்டு, ரொட்டித் துண்டிற் கத்தரிக்காயை அள்ளித் தம் கையாலேயே எம் வாயில் ஊட்டினார். குடும்பம் பிழைத்தது.

இன்னொரு பிழையையும் சொல்லவேண்டும். நண்பரின் தங்கையாருக்கு மண உறுதி நிகழ்ந்த நாள். எல்லோருக்கும் செந்நிறச் சர்பத் வழங்கினர். எமக்குக் கோப்பி வேண்டுமா என்று அன்னையார் கேட்டார். அங்கே கோப்பியைச் சீனியின் அளவு சொல்லியே கேட்பர். அளவான இனிப்புக்கு ‘மஸ்பூத்’. சீனியே இல்லாததற்கு ‘ஸாதா’. நாம் தமிழில் வழங்கும் சாதாவும் அதுவும் ஒன்றே என்று கண்ட ஆனந்தத்தில், “ஸாதா” என்றோம். அன்னையார் நெஞ்சிலே கையை வைத்து, “தீங்கு தூர விலகுக!” என்றார். இறந்தவர் வீட்டில் வந்தோருக்குக் கொடுப்பது ஸாதாக் கோப்பி என்பதை அதன் பின்பே அறிந்தோம். அன்று எமக்குக் கிடைத்தது மிக இனித்த கோப்பி.

1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருநாள் தந்தி வந்தது. தந்தையார் காலமாகி நான்கு நாட்கள் ஆகியிருந்தன. மூத்த மகனாகிய எமது கடமையைத் தம்பி செய்து முடித்திருப்பான். அஸ்தி கீரிமலையிற் கரைந்திருக்கும். விமானச் சீட்டுக்குப் பணமும் இல்லை. போய்ச் சேர்ந்து செய்ய எதுவும் மிச்சமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். அழுகை வரவில்லை. தந்தையாரின் குரலை நினைவுக்குக் கொண்டுவர முயன்று முடியாமற்போனதே அன்று எம்மை வருத்தியது.

வகுப்பில் எம்மைக் காணாது தேடி வந்த நண்பர் மேசைமேற் கிடந்த தந்தியைப் படித்தார். ஒன்றும் பேசாது இறங்கிப் போனார். இரண்டு மணி நேரத்தில் அண்டை வீடுகளிலிருந்து கதிரைகள் படியேறி வந்தன. அறையிலும் நடையிலும் அவற்றைச் சுவரோரம் நிரையாக வைத்தார்கள். மாலையில் ஷுப்ராவிலிருந்து தந்தையாரும், எதிர்வீட்டுக் கொப்தியரும் வந்தனர். சூடான் நாட்டு மாணவர் இருவரும், 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் வீடு திரும்ப இயலாத காஸா மாணவர் ஒருவரும் வந்தனர். ஒவ்வொருவரும் கைபற்றி, “எஞ்சியது உன் ஆயுளிற் சேர்க” என்றனர். இறந்தவர் வாழாது விட்ட நாட்கள் இருப்பவனுக்கு ஆகுக என்பது கருத்து. அன்னையார் கொடுத்தனுப்பிய தட்டிலே சிறு கிண்ணங்களில் ஸாதாக் கோப்பி வந்தது. நாம் எழுந்து பரிமாற முயன்றபோது நண்பர் தோளைப் பிடித்து அமர்த்திவிட்டார். இழவு வீட்டில் அடுப்பு மூட்டலாகாது, அயலார்தான் உணவு கொண்டுவர வேண்டும் என்பது எமது ஊர் வழக்கு. அவர்கள் வழக்கும் அதுவே என்பதை அவ்வறையிற்றான் கண்டோம். காஸா மாணவர் எல்லோரும் போனபின்பும் போகாது நள்ளிரவுவரை இருந்தார். அவர் தம் தந்தையாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மறுநாள் நண்பகலில் கதவு தட்டப்பட்டது. பவ்வாப் நின்றார். மாடிக்கு அவர் உணவோடு வந்ததை அதற்கு முன் நாம் கண்டதில்லை. தரையிலே செய்தித்தாளை விரித்தார். ரொட்டி, பாற்கட்டி, வெங்காயம். ரொட்டியை அந்நாட்டார் ‘அய்ஷ்’ என்பர். வாழ்வு என்பதற்கும் அதுவே சொல். அவர் இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை எம் பக்கம் வைத்து, “இத்ஃபத்தல்” என்றார். வாழ்த்துரை நாவரையில் வந்தது. அவர் எம்மையே பார்த்திருந்தார். எதிரே அமர்ந்தோம். ஒரு வாய் உண்டதும் முதன்முறையாக அழுதோம். அவர் வெங்காயத்தை உடைத்துத் தந்துவிட்டுத் தம் பங்கை உண்டு முடித்தார். பிறகு முதல்நாட் கிண்ணங்களைத் திரட்டிக் கழுவுவதற்குக் கீழே எடுத்துப் போனார்.

அந்தியேட்டி வரை முப்பத்தொரு நாளும் மச்சம் விலக்கினோம். அன்னையார் நாள் தவறாது ஸியாமி உணவு அனுப்பினார். முப்பத்தோராம் நாளோடு எமது கணக்கு முடிந்தது. அவர் கணக்கு முடியவில்லை. எகிப்தில் முஸ்லிம்களும் கொப்தியரும் நாற்பதாம் நாளையே நிறைவாகக் கொள்வர். பழைய எகிப்தியர் பிரேதத்தைப் பதனிட்ட நாட்கணக்கின் எச்சம் அது என்பாரும் உளர். ஆகவே மேலும் ஒன்பது நாட்கள் உணவுப் பாத்திரம் ஷுப்ராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாம் திருத்தவில்லை.

நாற்பதாம் நாள் மாலை அவ்வீட்டுக்குச் சென்றோம். அன்னையார் கோப்பிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “மஸ்பூத்தா, மகனே?” என்று கேட்டார். ஆமென்றோம். கிராமத்திலிருந்து மாமன் மறுபடியும் தாரா அனுப்பியிருப்பதாகவும், நாளை வெள்ளிக்கிழமை ஆகையால் இன்றைக்கே உண்டு முடிக்கவேண்டும் என்றும் நண்பர் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.