மெயினை இறக்கிய பிறகு

அன்று மெயினை இறக்கிவிட்டுத்தான் தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. அந்தத் தைரியத்தில் கன்டென்சரைக் கழற்றப் பிடித்தேன். கட்டைவிரல் ஒரு முனையிலும் ஆள்காட்டிவிரல் மறு முனையிலும் பட்டதுதான் தெரியும். கை தூக்கியடித்துச் சுவரில் மோதியது. மணிக்கட்டுக்குக் கீழே வெகுநேரம் மரத்துக் கிடந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த, மோட்டார் வைண்டிங் வேலை செய்யும் அண்ணன், "நெஞ்சு படபடங்குதா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் வயர்களை அந்த முனைகளில் வைத்தார். மிச்சம் இருந்தது ஒரு கணம் மினுங்கி அணைந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் வைத்தார். ஒரு தடவை வடித்தாலும் உள்ளே இருக்கும் காப்புப் பொருளிலிருந்து கொஞ்சம் மீண்டும் ஊறி வரும் என்றார்.

டெஸ்டர் ஏன் எரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அது எரிய, நம் உடம்பு வழியே பூமிக்குப் பாதை வேண்டும். கன்டென்சரில் தங்கியதற்குப் பூமியோடு தொடர்பே இல்லை. தன் இரண்டு முனைகளுக்கு நடுவில்தான் அது நிற்கிறது. மோட்டார் வேகம் பிடித்ததும் ரிலே ஸ்டார்ட் கன்டென்சரைப் பிரித்துவிடும். பிரிகிற இடத்துத் தீப்பொறி, கரன்ட் சுழியைத் தொடும்போதுதான் அணையும். கன்டென்சரில் கரன்ட் சுழியாகும் அதே கணத்தில் வோல்டேஜ் உச்சியில் நிற்கும். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் சப்ளைக்கு உச்சி 325. வடிக்கும் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அது அப்படியே உள்ளே தங்கிவிடும். நேரம் கழித்துப் பெட்டியைத் திறப்பவருக்குக் கசிந்து போயிருக்கும், ஒன்றும் ஆகாது. அப்படிப் பலமுறை தப்பித்தவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகம் பயம்.

சில வருஷம் கழித்து அதே அண்ணனோடு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வெகுநாள் ஓடாமல் கிடந்த ஜெனரேட்டர். இன்ஜின் 1500 சுற்றில் சீராக ஓடுகிறது, ஒரு விளக்கும் எரியவில்லை. மீட்டரில் ஒரு வோல்ட்கூட முழுதாக இல்லை. வைண்டிங் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி மண்டபத்துக்காரர் கலங்கி நின்றார். "எரியலைங்க. இரும்புல காந்தம் போயிடுச்சு" என்றார் அண்ணன். இன்ஜினை நிறுத்தச் சொன்னார். வோல்டேஜைச் சீராக்கும் ஏ.வி.ஆருக்குப் போகும் ஃபீல்டு வயர் இரண்டையும் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் சில விநாடி வைத்து எடுத்தார். எடுக்கும்போது நீலமாக ஒரு பொறி. வயரைப் பழையபடி மாட்டி, இன்ஜினைக் கிளப்பினார். முள் அசைந்தது, தயங்கியது, பிறகு விறுவிறுவென்று 230க்கு ஏறி நின்றது.

நிறுத்திய பிறகும் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கும். மறுபடி சுற்றும்போது அந்தக் கொஞ்சம்தான் முதல் சில வோல்ட்டைத் தருகிறது. அது ஃபீல்டு காயிலுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்ட, கூடிய காந்தம் வோல்டேஜைக் கூட்டுகிறது. 1867 ஜனவரியில் பெர்லின் அறிவியல் அகாடமியில் வெர்னர் சீமென்ஸின் அறிக்கை வாசிக்கப்பட்டது இதைப் பற்றித்தான். அடுத்த மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் வீட்ஸ்டனும் இதையே சொன்னார். ஹங்கேரியின் யெட்லிக் அவர்களுக்கு முன்பே கண்டும் ஊருக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார். அதுவரை ஜெனரேட்டர் என்றால் பெரும்பாலும் நிலைக்காந்தங்களை அடுக்க வேண்டும். பெரிதாகக் கட்டுவது கடினம். இரும்பு மிச்சம் வைத்திருந்த துளிக் காந்தத்தை நம்பித்தான் பெரிய இயந்திரங்கள் வந்தன. என் விரலைச் சுட்ட மிச்சத்தை அன்றுவரை வெறுத்தவன், மண்டபத்தில் விளக்குகள் வந்தபோது வாயடைத்து நின்றேன்.

கம்பத்தில் ஏறுகிறவர்களுக்கு இந்த மிச்சம் இன்னும் பெரிய விஷயம். லைனை நிறுத்தி வேலை செய்யும் அனுமதியான எல்.சி. வாங்கியாகிவிட்டது, லைன் ஆஃப் என்று தெரிந்தாலும் கம்பியில் ஏதாவது இருக்கலாம். பக்கத்து லைனின் தூண்டல், யாரோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து திரும்பி ஏறியது, கம்பியிலேயே தங்கியது. அதனால் எர்த் ராடின் வயரை முதலில் பூமியில் இறுக்கிவிட்டு, பிறகுதான் கொக்கியைக் கம்பியில் மாட்டுவார்கள். வேலை முடிந்து எடுக்கும்போது கம்பியிலிருந்து முதலில். கொக்கி தொடும்போது சில சமயம் மேலே "டப்" என்று கேட்கும். கீழே கயிறு பிடித்து நிற்பவர் அண்ணாந்து பார்ப்பார். மேலே இருப்பவர் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, அடுத்த கம்பிக்குக் கொக்கியை நீட்டுவார்.