ஆனைக்கரையில் ஒரு கம்பத்து மல்லி

வைகாசி, இரண்டாம் வாரம்

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1 என்பது கணக்கு. ஏலமலை அந்தக் கணக்குக்குக் காத்திருப்பதில்லை. சாரல் பிடித்துவிட்டது. முற்றத்தில் இருந்த குண்டுமல்லித் தொட்டியை இன்று உள்ளே எடுத்து வைத்தேன். மொட்டுகள் விரியாமலே பழுப்பேறி உதிர்கின்றன. அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன.

கம்பத்தில் மொட்டைமாடி வெயிலில் வளர்ந்த செடி இது. சித்திரையில் அம்மா என்னோடு இருக்க வந்தபோது மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஆனைக்கரையை அடுத்த செல்லார்கோவில் மேட்டில் போய் நின்றால் அம்மாவின் ஊர்ப்பக்கத்துத் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் கீழே தெரியும். அவ்வளவு பக்கம்தான். ஆனால் மலை குறுக்கே நிற்கிறது. மேகம் இந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, அங்கே வெறும் காற்றாக இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கு விளைவதே 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து போகும் பெரியாற்றுத் தண்ணீரால்தான். தண்ணீர் போன திசைக்கு எதிர்த்திசையில் ஏறி வந்திருக்கிறது இந்தச் செடி.

ஆனி, முதல் வாரம்

எந்த இடத்தில் வைப்பது என்று நிறைய யோசித்தேன். கூடத்தின் நடுவில் வைத்தால் அழகு. அம்மாவும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்த அழகு செடியைக் கொன்றுவிடும்.

நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்பது நமக்குத் தெரிவதே இல்லை. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். மேகம் கனத்து மூடிய பகலில் அது சில ஆயிரமாகிவிடும். சன்னலை விட்டு நாலு எட்டு உள்ளே வந்தால் சில நூறுதான். மல்லிகை முழு வெயில் கேட்கிற செடி. அதற்கு நம் கூடம் அந்திப்பொழுது மாதிரி.

தெற்குச் சன்னலில் வை என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். அந்தப் புத்தகங்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சரி. நாம் இருப்பது பத்துப் பாகை வடக்கு அட்சரேகைக்குக் கொஞ்சம் கீழே. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடு வரைக்கும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடபுறமாகத்தான் போகிறது. இந்த மாதங்களில் மேகம் விலகும் சிறு இடைவெளியில் வெயில் எட்டிப்பார்ப்பது வடக்குச் சன்னலில். மழைச்சாரல் அடிப்பதோ மேற்கிலும் தென்மேற்கிலும். எனவே தொட்டி சமையலறையை ஒட்டிய வடக்குச் சன்னல் திண்டுக்குப் போனது. கண்ணாடியைத் துடைத்தேன். மழைக்காலத்தில் பாசி படிந்த கண்ணாடி, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றுவிடுகிறது.

ஆனி, திருவாதிரை ஞாற்றுவேலை

செடி தலை தொங்கி நிற்கிறது. காய் எடுப்பு முடிந்து ஜீப்புக்காக எங்கள் வாசலில் ஒதுங்கிய அக்கா பார்த்துவிட்டு, “ஏத்தா, இப்படி வாடி நிக்குதே, ஒரு செம்பு தண்ணி ஊத்தக் கூடாதா?” என்றார்.

“மண்ணு ஈரமாத்தான் இருக்குக்கா. தொட்டுப் பாருங்க.”

விரலை மண்ணுக்குள் விட்டார். எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது. “அழுகல் அடிச்சிருச்சு. நம்ம ஏலத்துக்கு வர்றதுதான். தூரைத் தூக்கிப் பாரு.”

இந்த மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் அளவுக்கு அழுகலை அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. மழைக்கு முன்பே துரிசும் நீற்றுச் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ எடுத்து நூறு லிட்டர் தண்ணீரில் சேர்த்து போர்டோ கலவை அடிப்பது இதற்காகத்தான். ஈரமும் குளிரும் வெளிச்சக் குறைவும் சேரும் இடத்தில் அழுகலை உண்டாக்கும் பூசணம் பெருகும். தோட்டத்தில் நடப்பது தொட்டிக்குள்ளும் நடக்கும்.

ஈரமண்ணில் ஒரு செடி ஏன் வாட வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செடிகள் பிழைத்துவிடும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்துகள்களுக்கு இடையில் காற்று நிற்கிற இடத்தில் தண்ணீர் நின்றுவிட்டால், பிராணவாயு அதன் வழியே வேரை அடைவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகிவிடுகிறது. மூச்சுத் திணறும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் தண்ணீர் இருக்க, மேலே இலை தாகத்தில் தொங்கும். அதைப் பார்த்து மனம் இளகி இன்னொரு செம்பு ஊற்றுகிறோம். வெளிக்காற்றே நனைந்து கிடக்கும் நாட்களில் இலையிலிருந்து நீர் ஆவியாவதும் குறைவு. ஊற்றியது அங்கேயேதான் கிடக்கும்.

தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை எடுத்தேன். ஓரத்து வேர்கள் பழுப்பாகி, உருவினால் தோல் மட்டும் கையோடு வந்தது. நடுவில் வெள்ளை வேர்கள் நிறையவே இருந்தன. அழுகியதை நறுக்கிவிட்டு, செம்மண், ஆற்றுமணல், மட்கிய சாணத்தூளில் கலந்த, அழுகலை அடக்கும் டிரைக்கோடெர்மா சேர்த்து, பழைய தொட்டியைவிடச் சின்னதான மண்தொட்டியில் வைத்தோம். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரம் பிடித்துக்கொண்டு நிற்கும். மண்தொட்டியின் சுவரோ ஈரத்தை வெளியே விடும்.

கம்பு நட இதைவிட நல்ல வேளை இல்லை என்று மலையாளிகள் கொண்டாடும் ஞாற்றுவேலை இது. நல்ல கிளையிலிருந்து சில துண்டுகள் வெட்டி மணலில் ஊன்றியிருக்கிறேன். தாய்ச்செடி போனாலும் வம்சம் போகக் கூடாது. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் தமிழ்நாடு முழுவதற்கும் மல்லிகை நாற்று இப்படிக் கம்பிலிருந்துதானே பிறக்கிறது.

ஆடி, நடு

இலை கொட்டுகிறது. அம்மாவால் தாங்க முடியவில்லை. “ஏதாவது உரம் வையேன்” என்கிறாள்.

வைக்க மாட்டேன். வெளிச்சம் குறைந்த இலையில் ஆக்சின் சுரப்பு குறையும். அதைத் தொடர்ந்து காம்பின் அடியில் உதிரும் அடுக்கு உருவாகிவிடும். உதிர்வதற்கு முன் அந்த இலையிலிருக்கும் தழைச்சத்தைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் முதலில் அடி இலைகளில் தெரிவதன் காரணம் இதுதான். தாங்க முடியாத செலவைச் செடி தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கு நடுவில் புண்ணான வேரில் உரத்தின் உப்பு பட்டால் மிச்சமும் கருகும். புதிதாக வந்த ஓரிரு மொட்டுகளையும் கிள்ளிவிட்டேன். அம்மாவே கிள்ளச் சொன்னாள். “பூ கெடக்கட்டும், செடி நிக்கட்டும்.” தலையில் பூ இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமையும் இருந்திராதவள் அவள்.

இலையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும். வீட்டுக்குள் செடி வளர்ப்பது குறித்த அறிவுரைகளில் பெரும்பகுதி, கணப்பு எரிந்து காற்று உலர்ந்துபோன குளிர்நாட்டு அறைகளில் பிறந்தது. 1829-இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணி தானாக முளைத்திருப்பதைக் கண்டார். ஈரத்தை அடைத்து வைத்தால் செடி பிழைக்கும் என்று தெரிந்தது. அவர் வடிவமைத்த வகைக் கண்ணாடிப் பெட்டிகளில்தான் ராபர்ட் ஃபார்ச்சூன் 1850-ஐ ஒட்டிச் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கரி படிந்த லண்டன் காற்றுக்கும் உப்பு வீசும் கப்பல் தளத்துக்கும் அது பெரிய விடை. ஆடியில் ஆனைக்கரை வீடே ஒரு வார்டு பெட்டி. அலமாரியில் துணி பூசணம் பூக்கிறது. இங்கே தெளிப்பது பூசணத்துக்கு விருந்து வைப்பதுதான். நான் செய்வது நேர்மாறானது. மழை விடும் நேரத்தில் சன்னலைத் திறந்து காற்று ஓட விடுகிறேன். மண்ணின் மேல்பரப்பு இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர்.

காம்பிடுக்கில் மாவுப்பூச்சி தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன், முடிந்தது.

ஆவணி, இரண்டாம் வாரம்

கணுக்களில் துளிர். மணலில் ஊன்றிய கம்புகளில் இரண்டு பிடித்திருக்கின்றன.

புதிய இலைகள் அகலமாக, மெல்லிதாக, வெளிர்பச்சையில் இருக்கின்றன. குறைந்த வெளிச்சத்தை வாரிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட இலைகள் அவை. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு தெற்கே நகரும். அப்போது வடக்குச் சன்னல் இருண்டுபோகும். இடம் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆனால் இந்த மெல்லிய இலைகளை நேரே முற்றத்து வெயிலில் வைத்தால் ஒரே பகலில் வெளுத்துத் தீய்ந்துவிடும். முதலில் திண்ணை நிழலில். அப்புறம் காலை வெயில் மட்டும். அப்புறம் தெற்கு முற்றம், கூரைநீர் விழாத இடமாகப் பார்த்து. வெயிலில் பிறக்கும் இலைகள் தடிப்பாக வந்த பிறகுதான் சிறிதளவு மட்கிய உரம்.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்துச் செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அது சமவெளிக்கு. இங்கே துலாமழை அப்போதும் பெய்துகொண்டிருக்கும். வெட்டிய காயம் நனைந்தால் அழுகல் மறுபடி உள்ளே நுழையும். மார்கழிப் பனியில் வானம் தெளிந்த பிறகு வெட்டலாம் என்று அம்மாவும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம். பிடித்த இரண்டு கன்றுகளில் ஒன்று ஜீப்பில் வரும் அக்காவுக்கு. கம்பத்தில் அவர் வீட்டு வாசலில் பகல் முழுக்க வெயில் விழுமாம். கேட்டு வைத்திருக்கிறேன்.